ரப்பர் கொட்டை வோட்டு

எங்கள் மாமாவுக்கு உலகத்தில் பிடிக்காத காரியம் ஒன்று உண்டென்றால், அது யாரையும் கேட்காமல் எதையாவது செய்வதுதான். அம்மா தேத்தண்ணியில் சீனியைக் குறைத்தால்கூட, "என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்பார். "சீனி இருந்தாத்தானேடா ஒன்னையக் கேக்குறதுக்கு" என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள். அம்மாவுக்கு அவர் தம்பி. கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே சாப்பாடும் படுக்கையும். தோட்டத்துச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தலைவர் என்றால் சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ரப்பர் மலைக்குள் ஏறி நடந்தால் எங்கள் தோட்டம். கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் வரிசையாகக் காம்பராக்கள் ஒட்டிய மூன்று லயங்கள். மாமா வாரத்துக்கு ஒரு முறை டவுனிலிருந்து பழைய பேப்பர் கொண்டுவருவார். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்காக வாசிக்கிறேன் என்பார். ஆனால் வாசித்து முடித்ததும் அவரே பிரசங்கமும் வைப்பார், அதற்குத்தான் கூட்டம் கூடும்.

"இந்தியா, இலங்கைன்னு ரெண்டு நாட்டுப் பெரிய மனுசங்க ஒரு மேசையில ஒக்காந்து, இத்தன பேரு ஒனக்கு, இத்தன பேரு எனக்குன்னு நம்மளப் பிரிச்சுக்கிட்டாங்க. ஆடு பிரிக்கிறவன்கூட எது எந்தப் பக்கம் போவப் பாக்குதுன்னு ஒரு தடவ பாப்பான். நம்மள யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலயே" என்று கூட்டம் பதில் சொல்லும். நாங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வோம்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் தங்கள் மண்ணைத் தாங்களே ஆள வேண்டும் என்று பேச்சு எழும்பியிருந்த காலம் அது. அந்தச் செய்தி வந்தால் மாமா இரண்டு தடவை வாசிப்பார். யாழ்ப்பாணத்தை அவர் பார்த்ததே கிடையாது. இருந்தும், "ஒரு எடத்துல குடியிருக்கிறவன் அந்த எடத்தப் பத்திச் சொல்லணும். வேற எவனோ, ஆள் கூடுதலா இருக்கிறதால, அதச் சொல்லக் கூடாது" என்று தொடையில் தட்டிச் சொல்வார். அப்பா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "நீ மொதல்ல காம்பராவுக்கு ஒழுகாம தகரம் வாங்கிக் குடு" என்பார். அப்பாவுக்கு யாழ்ப்பாணமும் ஒன்றுதான், அமெரிக்காவும் ஒன்றுதான்.

எங்கள் லயங்களில் வோட்டு உள்ளவர் ஒருவர்கூட இல்லை. தாத்தா காலத்தில் இருந்ததாம், பிறகு சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்களாம். தேர்தல் நாளில் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்கள் வெள்ளை உடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவதை, மாமா சின்ன வயதில் ரப்பர் மரத்துக்குப் பின்னால் நின்று கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் ஒரு கிராமத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். பெட்டி, மறைப்பு, தனித்தனியாகப் போவது, யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது. இவ்வளவையும் தெரிந்துவைத்திருந்த மனிதருக்கு இதைச் செய்து பார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்காமல் இருந்தது. அது கிடைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் விடவும் முடியவில்லை.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன சமயம். வெள்ளைக்காரத் துரை போய்ச் சிங்களத் துரை வந்திருந்தார். எங்கள் தோட்டம் தோட்டமாகவே இருந்தது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கிக் கிராமத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் பிடுங்குவதற்கு முன்னால் அது எங்கள் பாட்டன் பூட்டன் காணி என்று கிராமத்தார் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் லயத்தில் இருந்த நம் ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. மாவுக்கும் அரிசிக்கும் பஞ்சம் வந்து, ஒரு இறாத்தல் பாண் ரொட்டிக்குக் காலையிலிருந்து வரிசையில் நின்ற நாட்கள் அவை. மாத்தளைத் தெருக்களில் நம் ஆட்கள் பிள்ளைகளோடு கையேந்திக்கொண்டு திரிந்தார்கள்.

அவர்களில் நாலு குடும்பம் ஒரு மழை நாளில் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. லயத்துக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரத் துரை மாடு வளர்த்த பழைய பட்டி ஒன்று இடிந்து கிடந்தது. அதற்குள் ஒண்டிக்கொண்டார்கள். அன்றைக்கு எங்கள் ஆட்கள் செய்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஏதோ ஒன்று போனது. எங்கள் வீட்டிலும் அடுப்பில் இருந்த சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள் அம்மா. நாங்கள் அன்று வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தோம். மாமா துரையிடம் போய்ச் சண்டை பிடித்து, அவர்கள் பட்டியில் இருக்கலாம் என்று வாய்வார்த்தை வாங்கிவந்தார். செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் அவர்களைப் பதிய முடியாது என்று துரை சொல்லிவிட்டார். வேலைக்கு ஆள் குறைந்த நாளில் மட்டும் கூப்பிடுவார்கள்.

அந்த நாலு குடும்பத்தில் ஒன்றில்தான் பாக்கியம் இருந்தாள். என் வயதுதான், எட்டோ ஒன்பதோ. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுவாள். ரப்பர் கொட்டையைக் கல்லில் உரசி, சூடாக்கி, திடீரென்று அடுத்தவர் கையில் வைத்துச் சுடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வந்த பிறகு எனக்கு லயத்துப் பிள்ளைகளோடு விளையாடப் பிடிக்கவில்லை.

பட்டியைச் சுற்றி ஒரு சரிவு. கல்லும் மானாப்புல்லும் மண்டிக் கிடந்த இடம். பாக்கியத்தின் அப்பாவும் மற்றவர்களும் கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டினார்கள். புல்லைப் பிடுங்கினார்கள். மரவள்ளி நட்டார்கள், நடுநடுவே போஞ்சி, சோளம். ஒரு வருஷத்துக்குள் அங்கே மரவள்ளி ஆள் உயரத்துக்கு நின்றது.

அது ஆள் உயரத்துக்கு நின்ற பிறகுதான் எங்கள் லயத்துக்கு ஞாபகசக்தி வந்தது. அது எங்கள் லயத்து மாடு மேய்ந்த இடம் என்று ஒருவர் சொன்னார். துரை காலத்திலேயே தன் அப்பா அங்கே கறுவாக் கன்று வைத்தார் என்று இன்னொருவர் சொன்னார். கறுவாவை யாரும் பார்த்ததில்லை. பஞ்சம் முற்ற முற்ற அந்தச் சரிவைப் பற்றிய பேச்சும் முற்றியது. எங்கள் பக்கத்து மாடு ஒன்று அவர்களுடைய சோளத்தில் இறங்கியது. அவர்கள் மாட்டைக் கட்டிவைத்தார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் வாளியை இழுத்துப் பறித்தார்கள். "வந்தட்டிங்க" என்று, வந்தேறிகள் என்ற அர்த்தத்தில், அவர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் தாத்தாமார் கப்பலில் வந்து இறங்கி நடந்தே இந்த மலைக்கு வந்தவர்கள் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

உண்மையில் அந்தச் சரிவு எங்களுக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை. அரசாங்கத்துக் காணி. துரையிடம் போனபோது, "சண்ட வேணாம். நீங்களே பேசி முடிவு எடுங்க. யாரு வச்சுக்கிட்டாலும் எனக்குக் கவல இல்ல" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாமா முகம் மலர்ந்து திரும்பி வந்தார்.

"கத்தி கம்பு எடுத்தா அது காட்டுமிராண்டித்தனம். நாம அப்புடி இல்ல. நாம வோட்டு வைப்போம்" என்றார்.

லயம் முழுக்க அந்தச் சொல்லில் சொக்கிப்போனது. பஞ்சத்தையே ஒரு வாரம் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பீலியில், கொழுந்து மலையில், ஸ்டோருக்கு முன்னால், எங்கே பார்த்தாலும் வோட்டுத்தான். வாழ்நாளில் வோட்டுப் போடாதவர்கள் போடப்போகும் முதல் வோட்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் வைப்பதென்று முடிவானது. அதாவது, தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை. அம்மா தன் கல்யாணக் கூறைச் சேலையை மறைப்புக்குக் கொடுத்தாள். பெட்டியிலிருந்து அந்தச் சேலை வெளியே வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எழுத்துத் தெரியாதவர்கள் நிறைய. ஆகவே ரப்பர் கொட்டைதான் வோட்டு. மறைப்புக்குள் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம் இருக்கும். பட்டிக்காரர்கள் சரிவை விட்டுப் போக வேண்டும் என்பவர்கள் வலது தகரத்தில் கொட்டையைப் போட வேண்டும். இருக்கட்டும் என்பவர்கள் இடது தகரத்தில். போடும் சத்தத்தை வைத்து வெளியில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மாமா இரண்டின் அடியிலும் சாக்கு விரித்தார். அவர் அவ்வளவு நியாயம் பார்த்தார் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் என்னைப் போட்டு அரிக்கிறது.

கொட்டை பொறுக்கும் வேலையை எங்களிடம் விட்டார். நானும் பாக்கியமும் இரண்டு நாள் ரப்பர் மலையில் சுற்றி ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம். சொத்தையில்லாத, புள்ளி அழகாக இருக்கிற கொட்டைகளாகப் பார்த்து எடுத்தவள் அவள்தான். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிறகுதான் யாருக்கு வோட்டு என்ற கேள்வி வந்தது. "பெரிய ஆள் எல்லாருக்கும் ஒண்ணு" என்றார் மாமா. அது எங்கள் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை. விடிய முன்னே பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக் கொடுத்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று முழுநாள் வேலை செய்கிறவனுக்கும், பத்து மணிக்கு எழும்பி வருகிறவனுக்கும் ஒரே அளவா என்று கேட்டார்கள். இதற்கு வழி சொன்னவர், எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத என் அப்பா.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். முழுநாள் வேலை செய்தால் முழுப்பேர். பாதியில் போனாலோ, வயது போதாத பிள்ளை என்றாலோ அரைப்பேர். அப்பா சொன்னார்: "முழுப்பேர்க்காரருக்கு ரெண்டு கொட்ட. அரப்பேர்க்காரருக்கு ஒண்ணு. செக்ரோல்ல இல்லாதவங்களுக்கு எப்புடிக் குடுக்கிறது?"

அந்த யோசனையில் எல்லோருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. இதைவிட நியாயமாக ஒன்று இருக்க முடியும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. நாட்டில் யாராவது சம்பளத்தை அளந்து வோட்டுக் கொடுப்பார்களா என்று கேட்க ஆள் இல்லை. நாங்கள்தான் வோட்டையே பார்த்ததில்லையே. மாமா மட்டும் தலையைச் சொறிந்தார். பட்டிக்காரர்களுக்கு ஒன்றுமே இல்லை என்பது அவருக்கு உறுத்தியது. கடைசியில், விருந்தாளிகளாக நினைத்து, குடும்பத்துக்கு ஒரு கொட்டை அவர்களுக்கும் கொடுப்பதென்று தீர்த்தார். தலைவருக்குத் தங்கமான மனசு என்று லயமே பேசியது. அன்று நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லா இடத்துக்கும் போனேன்.

சனிக்கிழமை பின்னேரம் பாக்கியத்தின் அப்பா எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தலைவரே, ஒண்ணு கேக்கலாமுங்களா? அந்தச் சரிவுல குடியிருக்கிறது நாங்க. கல்லப் பொறுக்குனது நாங்க. அங்க இருக்கிறதா போறதான்னு எங்க நாலு குடும்பத்தையும் மட்டும் கேளுங்களேன். எதுக்குங்க மேல் லயத்து ஆளெல்லாம்?"

"அது எப்புடிண்ணே?" என்றார் மாமா. மரியாதையாகத்தான் சொன்னார். "தோட்டம்னா எல்லாம் ஒண்ணுதானே. இன்னிக்கு நாலு குடும்பம் தனியா வோட்டு வைக்கணும்னு கேப்பாங்க. நாளைக்கு ஒவ்வொரு காம்பராவும் தனித்தனியா வோட்டு வச்சுக்கும். அப்புறம் தோட்டம்னு ஒண்ணு இருக்குமா?"

"எண்ணுனா நீங்கதானே கூடுதலு. அது இப்பவே தெரியுதுங்களே."

"அதுக்கு நான் என்னாண்ணே செய்யிறது? சனம் சொல்றதுதான்."

பாக்கியத்தின் அப்பா எங்கள் கூரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிங்க" என்று இறங்கிப் போனார். அப்பாகூட அன்றைக்குச் சுருட்டைப் பாதியில் அணைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தைப் பற்றித் தொடையில் தட்டிச் சொன்ன வாய்தானே இது என்று, பேப்பர் வாசிப்பைக் கேட்ட அத்தனை பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் அந்த இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று மோதியதாகத் தெரியவில்லை. இரண்டையும் மாமா சொன்னார், இரண்டும் சரி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். பெண்கள் பூ வைத்திருந்தார்கள். ஆண்கள், மாத்தளைத் தேருக்குப் போகிற மாதிரி சட்டை மாட்டியிருந்தார்கள். மாமா வாசலில் நின்று கொட்டையை எண்ணிக் கையில் வைத்தார். அம்மா இரண்டு கொட்டையை வாங்கிக்கொண்டு, தன் கல்யாணச் சேலைக்குப் பின்னால் போனாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு இருந்தது. ஒவ்வொருவரும் அப்படித்தான் வெளியே வந்தார்கள். யாரோ தங்களை முதல் தடவையாகப் பெரிய மனிதராக நடத்திவிட்டதுபோல. பட்டிக்காரர்கள் நாலு பேர் கடைசியில் வந்து, ஆளுக்கொரு கொட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

தகரங்களைக் கொட்டி எண்ணினார்கள். எண்ணத் தேவையே இருக்கவில்லை. வலது தகரத்துக் குவியல் சரிந்து வாசல்வரை உருண்டது. இடது பக்கம் ஒரு கைப்பிடி. ஆனால் அது நாலு கொட்டையைவிடக் கூடுதலாக இருந்தது. எங்களில் யாரோ சிலர் அந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள். "யாருடா அது?" என்று ஒருவர் கத்தினார். "கேக்கக் கூடாது. அதான் சட்டம்" என்று மாமா அவரை அடக்கினார். அம்மா எந்தத் தகரத்தில் போட்டாள் என்று நான் பிற்காலத்தில் பல தடவை கேட்டேன். அவள் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். சரிவைப் பிரித்தபோது எங்களுக்கும் ஒரு பாத்தி வந்தது. அந்தக் கிழங்கை அவித்துப் போட்டவளும் அவள்தான். பசியில் நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

இவ்வளவும் நடந்து இரண்டு வருஷத்தில், எழுபத்தேழு கலவரத்தில், எங்கள் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அதற்கு முதல் நாள் கீழ்க் கிராமத்தில் கூட்டம் போட்டுப் பேசியதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். பாவம், அந்த ஆட்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொன்னார்களாம். கூடுதலானவர்கள் வேண்டாம் என்றார்களாம். பலாபத்வல சந்தியைத் தாண்டி லொறியில் வவுனியாவுக்குப் போனோம். பட்டிக்காரர்களும் அந்த ரோட்டில்தான் வடக்கே போனார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. கால்நடையாக. வவுனியாவில் நான் எத்தனையோ குடியேற்றங்களில் விசாரித்தேன், பாக்கியத்தைக் கண்டவர் யாருமில்லை.

அதற்குப் பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மக்கள் தீர்ப்பு, மக்கள் ஆணை என்று அந்தப் பக்கமும் சொன்னார்கள், இந்தப் பக்கமும் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மாமா சாக்கு விரித்த தகரம்தான் ஞாபகம் வரும். கொட்டையைச் சரியாக எண்ணினார்கள் என்பதில் சந்தேகமில்லை. எந்த இடத்துக் கொட்டைகளைச் சேர்த்து எண்ணுவது என்பதை எண்ணுவதற்கு முன்பே எங்கள் பக்கம் தீர்மானித்துவிட்டது, அவ்வளவுதான். அதற்காக வோட்டே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. அது இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் முதன்முதலாகச் செய்த காரியமும் தெரியும்.

வோட்டு வைத்த அன்று பின்னேரம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எண்ணி முடித்துக் கூட்டம் கலைய இருந்தபோது, பாக்கியத்தின் அப்பா முன்னால் வந்தார். பின்னால் பாக்கியமும் அவள் அம்மாவும் நின்றார்கள்.

"போயிர்றோமுங்க. ஒரே ஒரு ஒதவி. கெழங்கு இன்னும் முத்தல. வெரல் தண்டிதான் இருக்கு. ரெண்டு மாசம் பொறுத்தீங்கன்னா தோண்டி எடுத்துக்கிட்டுப் போயிருவோம். இப்பப் போனா வழியில புள்ளைங்களுக்குக் குடுக்க ஒண்ணுமில்லங்க."

மாமா உடனே சரி என்று சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். யாரையும் கேட்காமல் எப்படிச் சொல்வது?

"சின்ன விசயந்தான். இதுக்குத் தகரம் வேணாம், கை தூக்குனாப் போதும்" என்றார். "ரெண்டு மாசம் குடுக்க ஏலாதுங்கிறவங்க கைய தூக்குங்க."

முதலில் ஒரு கை எழும்பியது. பிறகு ஐந்தாறு. கிழங்கு முற்றினால் அதை அவர்கள் தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள், இப்போதே போனால் அது நிலத்தில் கிடந்து முற்றும், தோண்டுவது நாமாக இருப்போம் என்று ஒவ்வொருவருக்கும் புரியப் புரியக் கைகள் எழும்பின. பசி வந்த வயிறுகள்தான். அதைச் சொல்லி அவர்களை மன்னிக்க இன்றைக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை கைகளும் ஒன்றாக எழும்பி நின்றதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நானும் தூக்கினேன். காலையிலிருந்து எனக்கு ஒரு கொட்டைகூடத் தரவில்லை என்ற ஏக்கம் இருந்தது. கைக்கு யாரும் பேர் பார்க்கவில்லை, சும்மா தூக்கினாலே போதும். குதிகாலை உன்னி, என்னால் முடிந்த உயரத்துக்குத் தூக்கினேன்.

முன்னால் நின்ற பாக்கியம் என் கையையே பார்த்தாள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பாவம், இவளுக்கும் ஆசையாக இருக்கிறது, கூச்சத்தில் நிற்கிறாள் என்று நினைத்தேன். "தூக்கு, தூக்கு, நீயும் தூக்கு" என்று மற்றக் கையால் சாடை காட்டினேன். தலையை ஆட்டிச் சிரித்தேன்.

அவள் எப்போதும் நான் சொன்னதைக் கேட்கிறவள். மெல்லத் தூக்கினாள்.

அவள் அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, அப்படியே விடாமல் பிடித்துக்கொண்டு, பட்டிப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் முறையிட்டேன். "மாமா, எல்லாரும் கை தூக்குனாங்கல்ல? பாக்கியமும் தூக்குனா. அவுங்க அப்பா விடல மாமா. புடிச்சு எறக்கிட்டாரு. அது பெழதானே?"

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவள யாரு தூக்கச் சொன்னா?"

"நாந்தான்" என்றேன் பெருமையாக.

அவர் எழுந்து, அம்மா மடித்துக்கொண்டிருந்த கூறைச் சேலையைத் தாண்டி வெளியே போய்விட்டார். எதற்கெடுத்தாலும் ஒரு பிரசங்கம் வைக்கிற மனிதர், நான் நியாயம் கேட்டபோது மட்டும் வாயைத் திறக்கவில்லையே என்று எனக்கு ஒரே ஆற்றாமை. அதைவிடவும் பாக்கியத்தின் அப்பா மேல்தான் அன்று படுக்கும்வரை எனக்குக் கோபம். எத்தனை பேர் கை தூக்கினார்கள். தன் பிள்ளையை மட்டும் தூக்க விடாத அப்படிப்பட்ட ஆள் இங்கிருந்து போவதே நல்லது என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.